காட்டு மண்ணுக்குள் பூச்சிகள் என்ன செய்கின்றன? பழனி மலையை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலையின் எந்த ஊரில் மண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இரண்டு கருத்துகளில் ஒன்று கட்டாயம் காதில் விழும். மண்ணுக்குள் பூச்சி இருந்தால் அது வேரைத் தின்றுவிடும், ஆகவே குருணை மருந்தைப் போட்டு மண்ணைச் சுத்தப்படுத்திவிட வேண்டும் என்பது பழைய கருத்து. அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் கருத்து இதற்கு நேர் எதிரானது. பூச்சிகளே மண்ணுக்குச் சத்தை உண்டாக்கித் தருகின்றன, காட்டில் யாரும் உரம் போடுவதில்லையே, அங்கே மரங்கள் வானளாவ வளரவில்லையா என்று அது கேட்கிறது.

முதல் கருத்தை நம்புகிறவர் மண்ணுக்குள் இருக்கும் எல்லா உயிரையும் அழித்துவிடுகிறார். இரண்டாவதை நம்புகிறவர், நிலத்திலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காமலே விளைச்சல் வரும் என்று காத்திருந்து ஏமாறுகிறார். உண்மையில் பூச்சிகள் சத்து எதையும் புதிதாகப் படைப்பதில்லை என்றே சொல்லலாம். ஏற்கெனவே இருக்கும் பொருளை அவை உடைக்கின்றன, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுகின்றன, மண்ணுக்குள் வழி திறக்கின்றன. இந்த வேலைகள் நடப்பதாலும் நடக்காமல் போவதாலும் மண்ணின் தரம் எப்படி மாறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண் தரம் என்பது எதைக் குறிக்கிறது?

2015 முதல் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டையில் 12 அளவீடுகள் இருக்கின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம் முதலிய நுண்சத்துகள், கார அமிலத் தன்மை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன், கரிமக் கார்பன் ஆகியவை அவை. இவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வகத்துக்குப் போகும் மண், நிழலில் உலர்த்தப்பட்டு, கட்டிகள் உடைக்கப்பட்டு, சல்லடையில் சலிக்கப்பட்ட பிறகே சோதிக்கப்படுகிறது. மண்ணில் என்னென்ன இருக்கின்றன என்பதை அது சொல்லும். அவை நிலத்தில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது சலிக்கும்போதே அழிந்துவிடுகிறது.

நல்ல மேல்மண்ணின் பருமனில் ஏறத்தாழ பாதி வெற்றிடம் என்று மண்ணியல் பாடநூல்கள் சொல்கின்றன. மணலும் வண்டலும் களியும் சேர்ந்த கனிமத் துகள்கள் ஏறக்குறைய 45 விழுக்காடு. மட்கிய இலை, வேர், உயிரினங்களின் எச்சங்கள் ஆகிய கரிமப் பொருள் 5 விழுக்காடு அளவில் இருக்கும். மிச்சம் முழுவதும் துளைகளே. மழை பெய்தால் அத்துளைகளில் நீரும், வடிந்தபின் காற்றும் நிரம்புகின்றன. கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள பெருந்துளைகள் மழைநீரை விரைவாக உள்ளே இறக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அந்த நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குச் சிறிது சிறிதாக விடுகின்றன. இரண்டும் கலந்து இருப்பதற்குத் துகள்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்காமல் சிறு சிறு உருண்டைகளாக ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒட்டிய உருண்டைக்கு மண்திரள் என்று பெயர்.

இனி மண் தரம் என்பதற்கு இப்படிப் பொருள் சொல்லலாம்: தன்மேல் விழும் நீரை உள்வாங்கி வைத்திருக்கவும், வேருக்குக் காற்றும் சத்தும் கிடைக்கச் செய்யவும், அரிப்பைத் தாங்கி நிற்கவும் ஒரு மண்ணுக்கு உள்ள திறனே மண் தரம். அட்டையிலுள்ள எண்கள் அத்திறனின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகின்றன. துளைகளும் திரள்களும் மறுபகுதி. பூச்சிகளின் கை ஓங்கியிருப்பது பெரும்பாலும் அந்த மறுபகுதியில்தான்.

யார் யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

மண்ணுக்குள் வாழும் எல்லாவற்றையும் பூச்சி என்று சொல்லிவிடுகிறோம். மண்புழு பூச்சியன்று. ஆறுக்கும் மேற்பட்ட கால்களுடைய மரவட்டையும் பூரானும் சிலந்தியும் பூச்சிகள் அல்ல. ஆறு கால்களுடைய கறையான், எறும்பு, வண்டு, அவற்றின் புழுப்பருவங்கள், மண்ணுக்குள் வேரின் சாற்றைக் குடித்து ஆண்டுக்கணக்கில் வளர்ந்து பிறகு வெளியேறும் சில்வண்டின் இளம்பருவம் முதலியவையே பூச்சிகள். சருகைக் கிளறினால் துள்ளி மறையும், எள்ளைவிடச் சிறிய வெளிர்நிற உயிர்களுக்கும் ஆறு கால்கள் உண்டு. அறிவியலாளர்கள் அவற்றைப் பூச்சிகளுக்கு நெருங்கிய உறவினராக வைத்திருக்கிறார்கள். சருகில் படரும் பூஞ்சையை மேய்வது அவற்றின் முக்கியமான வேலை.

ஒட்டன்சத்திரம் சந்தையும் உதிர்ந்த இலையும்

மலையில் விளையும் பீன்ஸ், கேரட், சௌசௌ எல்லாம் மூட்டை மூட்டையாக லாரியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சுமைதூக்கும் தொழிலாளர்கள் அவற்றை இறக்கி, பிரித்து, கடைகளுக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். கடைக்காரர் எடைபோட்டு விற்கிறார். வாங்குகிறவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். சுமைதூக்கும் தொழிலாளர் ஒருவரும் அங்கே ஒரு கேரட்டைக்கூட விளைவிப்பதில்லை. ஆனாலும் ஒரு நாள் அவர்கள் வேலைக்கு வராவிட்டால் கடையில் சரக்கு இருக்காது, லாரியிலுள்ள மூட்டைகள் அப்படியே அழுகும்.

உதிர்ந்த இலை இறக்கப்படாத மூட்டையைப் போன்றது. அதற்குள் தழைச்சத்து முதல் சுண்ணாம்புச்சத்து வரை எல்லாம் இருக்கின்றன. ஆனால் வேரால் இலையைத் தின்ன முடியாது. நீரில் கரைந்த எளிய உப்புகளாக மாறினால்தான் வேர் அச்சத்துகளை உறிஞ்சும். கரிமப் பொருளில் பிணைந்திருக்கும் சத்தை இப்படிக் கரையும் உப்பாக மாற்றும் செயலுக்குக் கனிமமாக்கம் என்று பெயர். இதை முக்கியமாகச் செய்பவை பாக்டீரியா, பூஞ்சை ஆகிய நுண்ணுயிர்களே. சந்தையில் எடைபோட்டுக் கொடுக்கும் கடைக்காரரின் இடம் அவற்றுக்குரியது.

நுண்ணுயிர்களுக்கு ஒரு தடை உண்டு. உதிர்ந்த இலையின்மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது, உள்ளே விறைப்பான நார் இருக்கிறது. வெளிப்பரப்பில் மட்டும் வேலை செய்தால் மட்குவதற்கு நெடுங்காலம் ஆகும். வண்டுப்புழுவோ கறையானோ அந்த இலையைக் கடித்துத் துண்டாக்கும்போது உள்பகுதிகள் வெளிப்படுகின்றன. குடல் வழியாகச் சென்று எச்சமாக வெளியேறும்போது அது நுண்ணிய, ஈரமான, நுண்ணுயிர்கள் நிறைந்த உருண்டையாகிவிடுகிறது. ஒரே இலையின் பரப்பு பன்மடங்கு பெருகிவிட்டதால் பாக்டீரியாவும் பூஞ்சையும் எல்லாப் பக்கமும் புகுந்து வேலையைத் தொடங்குகின்றன.

இதை எப்படி அறிந்தார்கள் என்று கேட்கலாம். அதற்கான முறை மிக எளியது. எடைபோட்ட சருகை நைலான் வலைப் பைகளில் கட்டிக் காட்டுத் தரையில் வைப்பார்கள். சில பைகளின் கண்கள் பூச்சி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, சிலவற்றின் கண்கள் பெரியவை. சில மாதங்கள் கழித்து மறுபடி எடைபோட்டுப் பார்த்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பூச்சிகளும் பிற சிறு உயிர்களும் செய்த வேலையைக் காட்டிவிடும். உலகின் பல பகுதிகளில் இவ்வாறு சோதித்தபோது, கடுங்குளிரும் கடும் வறட்சியும் உள்ள இடங்களில் வேறுபாடு குறைவாகவும், ஈரமான வெப்பமண்டலத்தில் தெளிவாகவும் தெரிந்தது.

இப்போது காட்டில் யாரும் உரம் போடுவதில்லையே என்ற கேள்விக்கு வரலாம். காட்டில் உதிர்ந்தது அங்கேயே விழுகிறது, இறந்த மரம் அங்கேயே சாய்கிறது, அங்கே மேயும் விலங்கு பெரும்பாலும் அங்கேயே சாணமிடுகிறது. எதுவும் பெரிய அளவில் வெளியேறுவதில்லை என்பதால் அதே சத்து திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. வெப்பமும் ஈரமும் உள்ள காடுகளில் இச்சுழற்சி விரைவாக நடப்பதால், சத்தின் பெரும்பகுதி உயிருள்ள மரங்களிலும் மண்ணின் மேலடுக்கிலுமே தங்கியிருக்கிறது. அதனால்தான் காட்டை வெட்டி எரித்த நிலம் சாம்பலின் வலிமையில் முதல் சில போகம் செழிப்பாக விளைந்துவிட்டு, பிறகு சடுதியில் மங்கிப்போகிறது. காப்பித் தோட்டத்திலிருந்தும் மலைவாழைத் தோட்டத்திலிருந்தும் ஒவ்வோர் ஆண்டும் பழமும் தாருமாகச் சத்து மலையை விட்டு இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இழப்பை எந்தப் பூச்சியாலும் ஈடுசெய்ய முடியாது. எருவாகவோ உரமாகவோ அதைத் திருப்பிக் கொடுப்பது நம் பொறுப்பு. கொடுத்ததை வேர் வரைக்கும் கொண்டு சேர்ப்பதில்தான் பூச்சிகள் நமக்கு உதவுகின்றன.

இதுவரை பார்த்தவற்றுள் நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு. மண் தரத்தில் சத்தின் அளவுக்கு நிகராகத் துளைகளுக்கும் திரள்களுக்கும் இடமுண்டு. சத்தை வேருக்கு ஏற்றதாக மாற்றுபவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு வேண்டியபடி பொருளை உடைத்துக் கொடுப்பவை பூச்சிகள்.

மழைநீர் இறங்கும் வழி

பழனி மலையின் கிழக்குச் சரிவுகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் அந்த மழை, இருவேறு நிலங்களில் இருவேறு விதமாக நடந்துகொள்கிறது. கொத்தி வெறுமையாக விடப்பட்ட சரிவில் மழைத்துளி மண்திரளை நேரடியாக அடித்து உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் துளைகளை அடைத்துக்கொள்ள, மேற்பரப்பில் மெல்லிய பொருக்கு உண்டாகிறது. அதன்பின் நீர் உள்ளே போகாமல் செம்மண் குழம்பாகச் சாலைக்கு ஓடுகிறது. சருகு மூடிய காட்டுச் சரிவில் துளியின் வேகத்தைச் சருகு தாங்கிக்கொள்கிறது. அதன் கீழே எறும்பும் கறையானும் வண்டுகளும் தோண்டிய சுரங்கங்கள் திறந்த வாயோடு காத்திருக்கின்றன.

அகலமான துளை நீரை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்பது வியப்பூட்டும் அளவுக்குப் பெரியது. குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அதன் வழியே செல்லும் நீர் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. மண்ணிலுள்ள சுரங்கம் வளைந்தும் கிளைத்தும் செல்வதால் அதே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் விரல் நுழையும் ஒரு வண்டுத் துளை, கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் சேர்ந்து கடத்தும் நீரைத் தனியாகக் கடத்திவிடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். தன் உடலாலோ உழைப்பாலோ சுற்றுப்புறத்தின் அமைப்பையே மாற்றி, மற்ற உயிர்களின் வாழ்க்கையையும் மாற்றிவிடும் இத்தகைய உயிரினங்களைச் சூழல் பொறியாளர்கள் என்று கிளைவ் ஜோன்ஸ் உள்ளிட்ட மூன்று அறிவியலாளர்கள் 1994இல் பெயரிட்டு அழைத்தார்கள். மண்ணைப் பொறுத்தவரை இப்பெயருக்கு மிகவும் தகுதியானவை கறையான், எறும்பு, மண்புழு ஆகிய மூன்றும்.

கறையானை மறுபடியும் பார்ப்போம்

வீட்டு நிலைக்கதவையும் பெட்டியிலிருக்கும் பத்திரத்தையும் தின்றுவிடுவதால் கறையானுக்கு நம்மிடம் நல்ல பெயரில்லை. ஆனால் உலகில் அறியப்பட்டுள்ள ஏறத்தாழ 3,000 கறையான் இனங்களில் கட்டடங்களுக்கும் பயிர்களுக்கும் கேடு செய்பவை சிறுபான்மையே. மற்றவை காய்ந்த மரத்தையும் சருகையும் மட்கிய மண்ணையும் தின்று காட்டுக்குள்ளேயே காலம் கழிப்பவை.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் அடித்தண்டில், முழங்கால் உயரம் வரைக்கும் மண் பூசியதுபோல ஒரு பூச்சு ஏறியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மரத்தைக் கறையான் தின்கிறது என்று பதறி அதைச் சுரண்டி எறிவது வழக்கம். அடுத்த முறை அப்பூச்சின் ஒரு பகுதியை மட்டும் விரலால் மெல்லப் பெயர்த்துப் பாருங்கள். உள்ளே வெளிறிய உடலும் பழுப்புத் தலையுமாகக் கறையான்கள் ஓடும். அவை கடிப்பது பெரும்பாலும் மரத்தின் வெளிப்புறத்திலுள்ள உலர்ந்த பட்டையைத்தான். பட்டையின் பொருக்கு நீங்கிய இடத்தில் உட்பட்டை பச்சையாகவும் ஈரமாகவும் அப்படியே இருக்கும். வெயிலும் எறும்பும் படாமல் வேலை செய்வதற்காக அவை கட்டிக்கொண்ட கூரையே அந்த மண்பூச்சு. அந்த மண் கீழடுக்கிலிருந்து வாய் வாயாக எடுத்து வரப்பட்டு, எச்சிலால் குழைத்து ஒட்டப்பட்டது.

தென்னிந்தியாவில் புற்றுக் கட்டும் இக்கறையான்கள் பலவும் பூஞ்சை வளர்ப்பவை. தின்ற சருகையும் மரத்தையும் அவை புற்றுக்குள் கடற்பஞ்சு போன்ற அடுக்குகளாகச் சேர்த்து, அதன்மேல் ஒரு குறிப்பிட்ட பூஞ்சையை வளர்க்கின்றன. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருளைச் செரிப்பது பெரும்பாலான உயிர்களுக்கு அரிது. அதைப் பூஞ்சை உடைத்துக் கொடுக்க, மென்மையான பொருளைக் கறையான் உண்கிறது. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக இந்தக் கூட்டு நடந்து வருகிறது. மழைக்குப் பின் புற்றின்மேலும் அதைச் சுற்றியும் முளைக்கும் புற்றுக்காளான், நாம் பறித்துக் குழம்பு வைக்கும் அதே காளான், அந்தப் பூஞ்சையின் வெளிப்பாடுதான்.

மண்ணுக்கு இதனால் என்ன நேர்கிறது? புற்றுக் கட்டுவதற்கு ஆழத்திலிருந்து களிமண் மேலே வருகிறது. அதனால் புற்றுமண் பெரும்பாலும் சுற்றியுள்ள மேல்மண்ணைவிடக் களி மிகுந்ததாகவும், சுண்ணாம்புச்சத்து போன்றவை கூடுதலாகவும் இருக்கும். முன்பு வீட்டுத் தரை மெழுகுவதற்குப் புற்றுமண்ணைத் தேடி எடுத்து வந்ததற்கு அந்தப் பிசுபிசுப்பே காரணம். கறையான் கைவிட்டுப் போன புற்று மழையில் கரைந்து மீண்டும் தரையில் பரவுகிறது. ஆழத்து மண் மேலே வருவதும் மேல்மட்டச் சருகு கீழே போவதுமாக நூற்றாண்டுக்கணக்கில் நடக்கும் இந்தக் கலப்பு, மனிதக் கையாலோ மாட்டாலோ உழ முடியாத சரிவுகளில் நடப்பது கவனிக்கத் தக்கது.

கறையான்கள் இல்லாவிட்டால் காடு என்ன ஆகும் என்பதற்கு நேரடியான சோதனை ஒன்று உண்டு. போர்னியோத் தீவின் சபா மாநிலத்திலுள்ள மழைக்காட்டில், 2015-16 எல் நினோ வறட்சியின்போது, சில பகுதிகளில் மட்டும் கறையான்களை நஞ்சு வைத்துக் குறைத்துவிட்டு, மற்ற பகுதிகளை அப்படியே விட்டு ஒப்பிட்டார்கள். 2019இல் முடிவுகள் வெளியாயின. வறட்சிக் காலத்தில் கறையான்களின் நடமாட்டம் பெருகியது. அவை இயல்பாக இருந்த பகுதிகளில் மண்ணின் ஈரம் கூடுதலாக நின்றது, சருகு விரைவாக மட்கியது, நட்டு வைத்த கன்றுகளும் அதிகமாகப் பிழைத்தன. ஆழத்து ஈரமண்ணை அவை மேலே கொண்டுவந்தது ஈரம் நின்றதற்குக் காரணமாக இருக்கும் என்று விளக்கினார்கள். அதே தீவில் நடந்த இன்னோர் ஆய்வு, காட்டில் விழுந்த மரங்கள் மட்குவதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கறையான்களுடையது என்று காட்டியது. போர்னியோவின் தாழ்நில மழைக்காட்டுக்குக் கிடைத்த அளவுகளை நம் மலைக்கு அப்படியே எடுத்துவந்து பேசக் கூடாது. அங்கே நடந்த செயல்முறை, கறையான் உள்ள எந்தக் காட்டிலும் நடக்கக்கூடியது.

கறையான் சத்தைப் படைப்பதில்லை என்று சொன்னதற்கு ஒரு சிறு விலக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். மரம் தின்னும் கறையான்கள் சிலவற்றின் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றும் திறனுடையவை. அங்கும் வேலை செய்வது பாக்டீரியாதான், கறையான் அதற்கு இடம் கொடுக்கிறது.

காட்டுமாட்டுச் சாணத்தின் அடியில்

கொடைக்கானல் பக்கம் காட்டுமாடுகள் சாலையோரம் வரை வந்து மேய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. கீழ்மலையில் யானைகளும் உண்டு. அவற்றின் சாணத்தில் இருக்கும் தழைச்சத்து வெயிலில் காயும்போது அமோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். அதைத் தடுப்பது சாணி வண்டு. இவற்றுள் சில சாணத்தை உருட்டிச் செல்பவை, சில சாணத்துக்குள்ளேயே குடியிருப்பவை, பல இனங்கள் நேர் கீழே சுரங்கம் தோண்டி அதற்குள் சாணத்தைக் கொண்டு இறக்குபவை.

ஓரிரு நாள் ஆன சாணத்தைக் குச்சியால் புரட்டிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். மேலே காய்ந்த ஓடு இருக்கும். அடியில் பென்சில் அளவுள்ள துளைகளும், அவற்றின் வாயருகே புதிதாகத் தள்ளப்பட்ட, சுற்றியுள்ள மண்ணைவிட நிறம் வேறுபட்ட சிறு மண்குவியல்களும் இருக்கும். துளையைத் தொடர்ந்து தோண்டினால் சாணத்தை உருண்டையாகத் திரட்டி வைத்திருப்பதைக் காணலாம். ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு முட்டை இருக்கும். அதிலிருந்து வரும் புழு தின்றது போக மிச்சமெல்லாம் வேர்ப் பகுதியிலேயே எருவாகிறது. சாணத்தோடு வந்த விதைகளும் புதைபடுகின்றன.

மாட்டுச்சாணத்தைக் கையாளத் தெரிந்த வண்டுகள் இல்லாததால் ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் சாணம் அப்படியே காய்ந்து கிடந்தது. அதற்காகவே அந்நாடு 1960களின் பிற்பகுதி தொடங்கி ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் சாணி வண்டுகளை வரவழைத்து விட்டது. நம்மிடம் அவை ஏற்கெனவே இருக்கின்றன. வீட்டு மாடுகளுக்குக் குடற்புழு நீக்கத்துக்காகப் போடும் ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் சாணத்தோடு வெளியேறி வண்டுப்புழுக்களைக் கொல்லும் என்பதை மட்டும் மாடு வளர்ப்போர் நினைவில் வைக்க வேண்டும். மருந்து கொடுத்த சில நாட்களுக்கு மாட்டைத் தொழுவத்தில் வைத்திருந்து, அச்சாணத்தை எருக்குழியில் சேர்ப்பது நல்லது.

எறும்புகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அவை சருகை நேரடியாக மட்கச் செய்பவை அல்ல. சுரங்கம் தோண்டுவதும், இரையையும் விதையையும் ஓரிடத்தில் குவிப்பதும் அவற்றின் பங்கு. குப்பையைக் கூட்டி வைக்கும் எறும்புப் புற்றின் சுற்றுப்புறத்தில் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பல இடங்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன. காட்டு மண் எங்கும் ஒரே சீராக இல்லாமல் திட்டுத் திட்டாக மாறுபடுவதற்கு இது ஒரு காரணம். அத்திட்டுகளுக்கு ஏற்ப வெவ்வேறு செடிகள் முளைக்கின்றன.

மலை ஏற ஏற என்ன மாறுகிறது?

பூச்சி எவ்வளவு அதிகமோ மண் அவ்வளவு நல்லது என்று எண்ணுகிறவர்கள், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரைக்கும் சாலையோர மண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அடிவாரத்துக்கும் அதற்கும் 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. பல கண்டங்களில் 130க்கும் மேற்பட்ட இடங்களில் மரத்துண்டுகளை வைத்துச் செய்து 2022இல் வெளியான ஆய்வு, வெப்பநிலை 10 டிகிரி கூடினால் கறையான்கள் மரத்தை மட்கச் செய்யும் வேகம் 6.8 மடங்குக்கும் மேல் பெருகுவதாகவும், நுண்ணுயிர்களின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காவதாகவும் கண்டது. அப்படியானால் மலை ஏறும்போது கறையானின் வேலை மிக விரைவாகச் சுருங்கிவிடும் என்பது விளங்கும்.

ஆகவேதான் அடிவாரத்தில் ஆளுயரப் புற்றுகளைக் காண்கிறோம், மேல்மலைச் சோலைக்காட்டில் காண்பதில்லை. சோலையில் விழுந்த மரம் பாசி படர்ந்து நெடுங்காலம் கிடக்கிறது. பூஞ்சையும் வண்டுப்புழுக்களும் மண்புழுக்களும் நுண்ணிய துள்ளும் உயிர்களும் அங்கே மெதுவாக வேலை செய்கின்றன. கரிமப் பொருள் சேரும் வேகத்தைவிட மட்கும் வேகம் குறைவாக இருப்பதே சோலை மண் கறுப்பாகவும் பஞ்சு போலவும் இருப்பதற்கு முக்கியக் காரணம். கறுத்த மண் என்றாலே பூச்சிகள் நிறைய உழைத்திருக்கின்றன என்று பொருள் கொள்வது தவறு. அடிவாரத்துக் காட்டு மண் வெளிறியிருந்தாலும் அங்கே சுழற்சி விரைவாக நடக்கலாம். அந்தந்த உயரத்துக்கு அந்தந்த மண்.

மேல்மலையின் புல்வெளி மண்ணுக்கும் இது பொருந்தும். பழனி மலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மரத்தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் மாறிவிட்டதாக 2018இல் வெளியான செயற்கைக்கோள் பட ஆய்வு தெரிவித்தது. தைல மரமும் பைனும் வாட்டிலும் வரிசையாக நிற்கும் நிலத்தில் ஆண்டு முழுவதும் ஒரே வகை இலை உதிர்கிறது. தைல மர இலையின் எண்ணெயும் பைன் ஊசியின் விறைப்பும் பல பூச்சிகளுக்கு ஒவ்வாதவை. மரம் நிற்பதால் அது காடு, காடு என்பதால் மண் நலமாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பூச்சி கேடாவது எப்போது?

மேல்மலையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் வெள்ளை வேர்ப்புழுவால் படும் தொல்லை மெய்யானது. அதைப் பொய்யென்று சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. காட்டிலும் அதே வகைப் புழுக்கள் இருக்கின்றன. அங்கே வேர்கள் நூறு விதமானவை, உளுத்த மரமும் சருகும் நிறைய உண்டு, புழுவைத் தேடிக் கிளறும் காட்டுப்பன்றியும் பறவையும் தரைவண்டும் எறும்பும் உண்டு. பாத்தியிலோ எங்கும் ஒரே பயிரின் வேர்தான், வேட்டையாடும் உயிர்கள் அரிது. குருணை மருந்தை ஆண்டுதோறும் போட்டால் வேர்ப்புழுவோடு சேர்ந்து அதை உண்பவையும் மடிகின்றன. அவை மெதுவாகப் பெருகுபவை என்பதால் அடுத்த முறை புழு முந்திக்கொள்கிறது.

கறையானின் நிலையும் இதுவே. தோட்டத்தில் சருகையும் காய்ந்த கிளைகளையும் ஒன்றுவிடாமல் கூட்டி எரித்துவிட்டால், அங்கிருக்கும் கறையானுக்கு மிஞ்சுவது இளங்கன்றின் தண்டு மட்டுமே. உணவு இருக்கும்போது கன்றை விட்டுவைக்கும் அது, இல்லாதபோது விடாது. கன்றைச் சுற்றி ஓரடி இடத்தை வெறுமையாக வைத்துக்கொண்டு, வரிசைகளுக்கு இடையே சருகைக் கிடக்கவிடுவது எரிப்பதைவிடச் சிறந்த வழி. கடையில் வாங்கிய பூச்சியையோ புழுவையோ மண்ணில் விடுவதால் பெரும்பயன் இல்லை. உணவும் நிழலும் ஈரமும் இருந்தால் அருகிலுள்ள காட்டிலிருந்து அவை தாமாகவே வந்து சேரும், இல்லாவிட்டால் விட்டவையும் தங்காது.

நீங்களே பார்த்தறிய இரண்டு வழிகள்

மண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல வையுங்கள். அதன் கழுத்தில் பெரிய கண்ணுள்ள வலைத்துண்டு ஒன்றைப் பொருத்தி, சருகோடு கூடிய மேல்மண் இரண்டு கைப்பிடியை மெல்லப் போடுங்கள். மேலே ஒரு குண்டு பல்பை எரியவிட்டு, கீழே ஈரத்தாள் விரித்த கண்ணாடிக் குவளையை வையுங்கள். மண் மேலிருந்து காயக் காய உள்ளிருக்கும் உயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிக் குவளையில் விழும். ஓரிரு நாளில் கைக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுங்கள்.

அவற்றின் உழைப்பு மண்ணில் நிற்கிறதா என்று பார்ப்பது இன்னும் எளிது. ஒரே சரிவில், மரநிழலில் சருகின் கீழிருந்து ஒரு மண்கட்டியும், ஆண்டுதோறும் கொத்தும் பாத்தியிலிருந்து ஒரு மண்கட்டியுமாக நெல்லிக்காய் அளவில் எடுத்து நிழலில் நன்றாக உலர்த்துங்கள். வேறு சரிவிலிருந்து எடுத்தால் களியின் வகை மாறி ஒப்பீடு கெட்டுவிடும். இரண்டு குவளை நீரில் வலைத்துண்டின்மேல் ஒவ்வொன்றையும் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். துளைகளிலிருந்து காற்றுக் குமிழிகள் வெளியேற, திரள்கள் வலுவாக உள்ள கட்டி உருக்குலையாமல் இருக்கும், நீரும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மற்றது சில நொடிகளிலேயே சரிந்து நீரைக் கலக்கிவிடும். நிலைத்து நின்ற கட்டியை வெளியே எடுத்து விரலால் இரண்டாகப் பிட்டால், வெண்ணிறப் பூஞ்சை இழைகளும், மயிர் போன்ற வேர்களும், சிறு துளைகளும், கடுகைவிடச் சிறிய எச்ச உருண்டைகளும் அதற்குள் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்பாக ஆண்டுக்கு ஒரு முறை அதே இரண்டு இடங்களில் இதைச் செய்து, எவ்வளவு நேரத்தில் கட்டி கரைந்தது என்பதை மண்வள அட்டையின் பின்புறத்தில் குறித்து வையுங்கள். அட்டையில் அச்சிடப்படாத பதின்மூன்றாவது அளவீடாக அது உங்களுக்குப் பயன்படும்.